வாயிலுக்கு வெளியே: இலண்டன் மாநகரின் கட்டுமானத் தளவாட மேலாண்மையில் பொது அதிகார அமைப்புகளின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

கட்டுமானத் தளத்துக்குப் பொருள் கொண்டுவருவதும் அங்கிருந்து மண்ணையும் இடிபாட்டையும் அகற்றுவதும் ஒப்பந்ததாரரின் தனிப்பட்ட அலுவலாகவே நெடுங்காலம் கருதப்பட்டன. ஆனால் அவ்வேலையின் பெரும்பகுதி பொதுச் சாலையில் நடைபெறுகிறது. அதன் இடரையும் அச்சாலையைப் பயன்படுத்துவோரே ஏற்கின்றனர். பொது அதிகார அமைப்புகள் எந்தக் கட்டத்தில், எந்த அதிகாரத்தைக் கொண்டு இதில் தலையிட இயலும் என்பதை இலண்டன் மாநகரின் அனுபவத்தை முதன்மைச் சான்றாகவும் ஸ்டாக்ஹோம் நகரின் நடைமுறையை ஒப்பீட்டுக்காகவும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. லாரி சாலைக்கு வந்தபின் செலுத்தப்படும் கட்டுப்பாட்டைவிட, திட்ட அனுமதி வழங்கும் வேளையிலும் நில உரிமையின் வழியாகவும் செலுத்தப்படும் கட்டுப்பாடே வலுவுடையது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கட்டுமானத் தளவாடம், திட்ட அனுமதி, இலண்டன், ஒருங்கிணைப்புக் கிடங்கு, மிதிவண்டிப் பாதுகாப்பு, சரக்குத் துறைகள்

முன்னுரை

ஒரு கட்டடத்தில் காணப்படும் ஒவ்வொரு பொருளும் வேறோர் இடத்திலிருந்து வந்ததே. செங்கல், கம்பி, சிமெண்டு, கண்ணாடி, குழாய் ஆகியவை உள்ளே வருகின்றன; தோண்டிய மண்ணும் பழைய கட்டடத்தின் இடிபாடும் வெளியே செல்கின்றன. எப்பொருள், எந்நாளில், எவ்வழியாக, எந்த வாகனத்தில் வரவேண்டும், வந்ததை எங்கே இறக்கி வைப்பது என்பவற்றைத் திட்டமிடும் பணியே கட்டுமானத் தளவாட மேலாண்மை எனப்படுகிறது. ‘லாஜிஸ்டிக்ஸ்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் தளவாடவியல், சரக்குப் போக்குவரத்து எனப் பல வழக்குகள் உள்ளன. போக்குவரத்தோடு சேமிப்பையும் நேர ஒழுங்கையும் அச்சொல் உள்ளடக்குவதால் இங்குத் தளவாடம் என்பதே எடுத்தாளப்படுகிறது.

இப்பணி ஒப்பந்ததாரருடையது என்றால் அரசுக்கு இதில் என்ன வேலை என்னும் வினா இயல்பானது. தாமதமாக வந்த கம்பியால் வேலை நின்றால் அதன் இழப்பு ஒப்பந்ததாரரைச் சேரும். ஆகவே அதை அவரே சீர்செய்துகொள்வார். ஆனால் முன்கூட்டியே வந்துவிட்ட லாரி அடுத்த தெருவில் இயந்திரத்தை அணைக்காமல் ஒரு மணி நேரம் காத்திருந்தால், அதன் இழப்பு அத்தெருவில் வாழ்வோரைச் சேரும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட எவருடைய கணக்கிலும் அது ஏறுவதில்லை. பொது அதிகார அமைப்பின் பொறுப்பு தோன்றும் இடம் இதுவேயாகும். இலண்டனில் அப்பொறுப்பை வெளிப்படையாக உணர்த்தியவை உயிரிழப்புகள்.

வாயிலின் இரு புறங்கள்

2011ஆம் ஆண்டில் இலண்டன் சாலைகளில் மிதிவண்டி ஓட்டியோர் 16 பேர் உயிரிழந்தனர். அவற்றுள் 9 இறப்புகளில் கனரக லாரிகள் தொடர்புடையவை. அந்த 9இல் 7 கட்டுமானப் பணிக்கான லாரிகள். அதே ஆண்டின் இறுதியில், ஒலிம்பிக் பூங்கா எழும்பிக்கொண்டிருந்த ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு மிக அருகிலுள்ள போ வட்டச் சந்திப்பில் அக்டோபர் 24 அன்றும் நவம்பர் 11 அன்றும் இரு மிதிவண்டி ஓட்டுநர்கள் லாரி மோதி இறந்தனர். அப்பூங்காவின் கட்டுமானமோ தளத்துக்குள் ஓர் உயிரிழப்பும் இன்றி முடிந்தது என்பதற்காகப் பாராட்டப்பட்டது. அந்த லாரிகள் எத்தளத்துக்குரியவை என்பது இங்கு வாதப்பொருள் அன்று. தளத்தின் வேலிக்கு உள்ளே ஒரு பாதுகாப்புக் கணக்கும் வெளியே மற்றொரு கணக்கும் தனித்தனியே எழுதப்பட்டன என்பதே கருதத்தக்கது.

இவ்விரட்டைக் கணக்குக்குச் சட்டத்திலேயே வேர் இருந்தது. பிரிட்டனில் கட்டுமான வடிவமைப்பு மேலாண்மை விதிகள் 1995ஆம் ஆண்டு முதல் கட்டட உரிமையாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் தளத்தில் பணிபுரிவோரின் பாதுகாப்பு குறித்த கடமைகளை விதித்து வந்தன. பணியிட விபத்துகளைச் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்துக்கு அறிவிக்கவேண்டும். ஆயின் பொதுச் சாலையில் நிகழும் வாகன மோதல்களுக்கு அவ்வறிவிப்பு விதிகளில் பெரும்பாலும் இடமில்லை. அவை காவல்துறையின் சாலை விபத்துக் கணக்கில் சேரும். எனவே தளத்துக்குள் ஒருவர் கால் இடறி விழுந்து எலும்பு முறிந்தால் அது கட்டுமான விபத்து. அதே தளத்துக்கு மண் அள்ள வந்த டிப்பர் லாரி வாயிலிலிருந்து நூறு மீட்டர் தள்ளி ஒருவரைக் கொன்றால் அது சாலை விபத்து. தளப் பொறியாளரின் மாத அறிக்கையில் பின்னது தோன்றாது.

இலண்டன் போக்குவரத்துக் கழகம் இச்சிக்கலை ஆராயுமாறு போக்குவரத்து ஆய்வகத்தைக் கேட்டுக்கொண்டது. 2013இல் வெளிவந்த அவ்வறிக்கை, கட்டுமானத் துறை தளத்துக்குள் காட்டும் கண்டிப்பைச் சாலையில் காட்டுவதில்லை என்பதையும் இவ்வகை லாரிகளின் உயர்ந்த ஓட்டுநர் அறையிலிருந்து அருகில் நிற்போரைக் காண இயலாத பகுதி பெரிது என்பதையும் எடுத்துக்காட்டியது. அதே ஆண்டின் இறுதியில் ‘கட்டுமானத் தளவாடமும் சமூகப் பாதுகாப்பும்’ என்னும் பொருளுடைய, ‘குளோக்ஸ்’ என்ற சுருக்கப்பெயரால் வழங்கும் தரநெறி உருவானது. இதன் உட்கிடை எளியது. லாரி வேறொரு நிறுவனத்தினுடையதாக இருப்பினும், யாருடைய கட்டடத்துக்காக அது ஓடுகிறதோ அவருக்கு அதன் மீது பொறுப்பு உண்டு. பார்வைக்குத் தடையுள்ள, உரிய கருவிகள் பொருத்தப்படாத லாரியை வாயிற்காவலர் திருப்பி அனுப்பலாம். வேலியில் நின்றுபோன கடமை இதனால் தெருவுக்கு நீட்டப்பட்டது.

தரநெறி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால் மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே மாநகரம் கட்டாய விதிகளையும் நாடியது. தேசிய விதிகளின்படி பக்கவாட்டுத் தடுப்புக் கம்பிகள் பொருத்துவதிலிருந்து பல டிப்பர் லாரிகள் விலக்குப் பெற்றிருந்தன. கரடுமுரடான தளத்தில் அவை சேதமுறும் என்பது அவ்விலக்குக்கான காரணம். 2015 செப்டம்பர் 1 முதல் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் அத்தடுப்புகளும் கூடுதல் கண்ணாடிகளும் இன்றி இலண்டனுக்குள் ஓடக்கூடாது என்ற ஆணை அவ்விலக்கை மாநகர எல்லைக்குள் செயலிழக்கச் செய்தது. அடுத்து வந்த ‘நேரடிப் பார்வைத் தரம்’ 12 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு லாரிக்கும், ஓட்டுநர் கண்ணாடியின் துணையின்றித் தம் கண்ணால் எவ்வளவு காண இயலும் என்பதை அளந்து சுழியம் முதல் ஐந்து வரை விண்மீன் குறியீடு வழங்கியது. 2021 மார்ச்சு முதல் அனுமதிச் சீட்டின்றி ஓடும் லாரிக்கு அபராதம் விதிக்கப்படுகிறது. 2024 அக்டோபர் 28 முதல் தேவையான குறைந்த அளவு ஒன்றிலிருந்து மூன்று விண்மீனாக உயர்ந்தது. அதை எட்டாதவை உணர்விகளும் ஒளிப்படக் கருவிகளும் அடங்கிய பாதுகாப்பு அமைப்பைப் பொருத்திக்கொள்ளவேண்டும். 2015 முதல் 2017 வரையிலான ஆண்டுகளில் மாநகரில் ஓடிய மொத்தத் தொலைவில் கனரக லாரிகளின் பங்கு 4 விழுக்காடாக இருக்க, மிதிவண்டி ஓட்டுநர் இறந்த மோதல்களில் 63 விழுக்காட்டில் அவை தொடர்புடையனவாக இருந்தமை இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

வாகனம் எவ்வாறு கட்டமைக்கப்படவேண்டும் என விதிப்பது நகர நிர்வாகத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. எந்த வாகனம் தன் தெருவில் ஓடலாம் என்பதை மட்டுமே அது முடிவுசெய்ய இயலும். அந்தக் குறுகிய அதிகாரத்தைக் கொண்டே உற்பத்தியாளர்களைத் தாழ்ந்த அறையும் அகன்ற கண்ணாடியும் உடைய லாரிகளின் பக்கம் நகர்த்த முனைந்தது இலண்டனின் முயற்சியில் பாராட்டத்தக்க கூறு. ஆயினும் எத்தனை லாரிகள், எதற்காக, எந்நேரத்தில் வருகின்றன என்ற வினாவை இவ்விதி தொடுவதில்லை.

திட்ட அனுமதி என்னும் தருணம்

அவ்வினாவைத் தொடும் கருவி திட்ட அனுமதி. கட்டடத்துக்கு அனுமதி வழங்கும்போது ‘கட்டுமானத் தளவாடத் திட்டம்’ ஒன்றை நிபந்தனையாகக் கேட்கும் வழக்கத்தை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் வழிகாட்டுதல்கள் உருவாக்கின. 2021 மார்ச்சில் வெளியான இலண்டன் பெருந்திட்டத்தின் ‘டி7’ கொள்கை அதற்கு இடமளித்தது. வாகனங்களின் எண்ணிக்கை, வரும் வழி, நேரம், காத்திருக்கும் இடம், முன்பதிவு முறை ஆகியவற்றை அத்திட்டம் கூறவேண்டும். விண்ணப்பிக்கும் வேளையில் ஒப்பந்ததாரர் பெரும்பாலும் நியமிக்கப்பட்டிரார். எனவே முதலில் உருவரைத் திட்டமும் பணி தொடங்குமுன் விரிவான திட்டமும் என இரு படிகளாக இது கேட்கப்படுகிறது.

இக்கருவியின் வலிமை அதன் காலத்தில் உள்ளது. அனுமதிக்காகக் காத்திருக்கும் உரிமையாளர் எந்த நிபந்தனையையும் செவிமடுப்பார். அனுமதி பெற்று, அடித்தளம் தோண்டி, வங்கிக் கடனுக்கு வட்டி ஏறத் தொடங்கியபின் அதே நிபந்தனையை நினைவூட்டும் அலுவலரிடம் நிறுத்த அறிவிப்பும் வழக்குமே எஞ்சியிருக்கும். அவற்றைக் கையாள ஆளும் பொழுதும் வேண்டும். கேம்டன் வட்டார மன்றம் இதை நன்கு உணர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. அம்மன்றம் 1990ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு மேலாண்மைத் திட்டத்தைப் பெறுகிறது. திட்டத்தைச் சரிபார்க்கவும் கண்காணிக்கவும் ஆகும் செலவை அவரிடமே வாங்குகிறது. திட்டம் சமர்ப்பிக்கப்படுமுன் அண்டை வீட்டாரைக் கலந்துபேசியதற்குச் சான்றும் கேட்கிறது. கண்காணிப்பதற்கான பணத்தை ஒதுக்காமல் நிபந்தனையை மட்டும் எழுதிவைக்கும் அமைப்புகளிடமிருந்து இது வேறுபடும் இடம் அதுவே.

மாநகரின் அதிகாரக் கட்டமைப்போ இத்தெளிவுக்குத் துணைசெய்வதில்லை. இலண்டனில் 32 வட்டார மன்றங்களும் சிட்டி எனப்படும் பழைய நகரத்தின் கழகமும் தனித்தனியே அனுமதி வழங்குகின்றன. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் நேரடிப் பொறுப்பில் உள்ள முதன்மைச் சாலைகள் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடே. போக்குவரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவு அவற்றில் ஓடுகிறது. தளத்தின் வாயில் பெரும்பாலும் வட்டார மன்றத்தின் தெருவில் இருக்கும். அங்கு வந்து சேரும் வழி கழகத்தின் சாலையாக இருக்கும்.

நேர விதிகளைப் பார்த்தால் இச்சிக்கல் விளங்கும். இரைச்சலைக் கட்டுப்படுத்தும் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வட்டார மன்றங்கள் கட்டுமான வேலையை வார நாள்களில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரைக்கும் சனிக்கிழமையில் நண்பகல் 1 மணி வரைக்கும் என வரையறுக்கின்றன. 1985 முதல் நடைமுறையில் உள்ள லாரிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 18 டன்னுக்கு மேற்பட்ட வாகனங்களை இரவிலும் வார இறுதியிலும் குறிப்பிட்ட வழிகளுக்குள் அடக்குகிறது. பள்ளி அருகில் இருந்தால் பிள்ளைகள் வந்துபோகும் வேளைகளில் லாரி கூடாது என்பது திட்ட அனுமதியின் நிபந்தனை. ஆகவே முற்பகல் 9.30 முதல் பிற்பகல் 3 வரையிலான பொழுதே சில தளங்களுக்கு எஞ்சுகிறது. ஒவ்வொரு விதியும் தனித்து நோக்க நியாயமானது. மூன்றும் சேரும்போது ஒரு நாளுக்குரிய லாரிகள் அனைத்தும், தெருவில் நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் உள்ள பகற்பொழுதில் நெருக்கப்படுகின்றன. இந்த விளைவுக்கு விடையளிக்கவேண்டிய அலுவலகம் என ஒன்றைச் சுட்டிக்காட்ட இயலாது.

ஒருங்கிணைப்புக் கிடங்குகள்

லாரிகளின் எண்ணிக்கையையே குறைக்க வழியுண்டா? பாதி நிரம்பிய வாகனங்கள் பல வருவதற்கு மாற்றாக, நகரின் ஓரத்தில் ஒரு கிடங்கில் சரக்கை இறக்கி, அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் ஒரே வாகனத்தில் தளத்துக்கு அனுப்புவது ஒரு வழி. கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் இது பொருந்தாது. கதவு, குழாய், மின்கம்பி, பூச்சுப்பொருள் போன்றவற்றுக்கு நன்கு பொருந்தும். இலண்டனின் தென்பகுதியில் பெர்மாண்ட்சியில் 2005இல் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் நிதியுதவியோடு தனியார் நிறுவனங்கள் இத்தகைய கிடங்கைத் தொடங்கின. இரண்டாண்டுச் சோதனையில், கிடங்கின் வழியாகப் பொருள் பெற்ற தளங்களுக்கு வந்த வாகனங்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன.

இத்தனை நற்பயன் தந்த முறை ஏன் மாநகரம் எங்கும் பரவவில்லை? கிடங்கின் வாடகையும் கூலியும் ஒருவருடைய கணக்கில் தெளிவாக எழுதப்படுகின்றன. அதன் பயன்களோ பலரிடம் சிதறுகின்றன: ஓட்டுநருக்குப் பொழுது மிச்சம், கொத்தனாருக்குப் பொருள் தேடும் அலைச்சல் இல்லை, தெருவாசிக்கு அமைதி. தன் விலைப்புள்ளியில் கிடங்குச் செலவைச் சேர்க்கும் ஒப்பந்ததாரர், சேர்க்காதவரிடம் ஒப்பந்தத்தை இழப்பார். அனைவருக்கும் ஒரே விதி என்றால் மட்டுமே இத்தடை நீங்கும்.

ஸ்டாக்ஹோம் அவ்விதியை ஏற்படுத்தியது. 2000களின் தொடக்கத்தில் ஹம்மர்பி ஷோஸ்டாட் என்னும் பழைய துறைமுகப் பகுதி குடியிருப்பாக மாறியபோது நகர நிர்வாகம் தளவாடக் கிடங்கு ஒன்றைப் பெரும்பாலும் பொதுப்பணத்தில் நடத்திப் பார்த்தது. பின்னர் 12,000 வீடுகளும் 35,000 பணியிடங்களும் கொண்டதாகத் திட்டமிடப்பட்ட ‘நோர்ரா யூர்கார்ட்ஸ்ஸ்டாடன்’ பகுதியில் கட்டுமானத் தளவாட மையத்தில் இணைவதைக் கட்டட நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கி, செலவை அவர்களிடமே கட்டணமாகப் பெற்றது. இதற்கு ஸ்டாக்ஹோம் புதிய சட்டம் எதையும் நாடவில்லை. நிலம் நகர நிர்வாகத்தினுடையது. நிலத்தை ஒதுக்கும் ஒப்பந்தத்திலேயே இந்நிபந்தனை எழுதப்பட்டது. நிலம் பலர் கையில் சிதறியுள்ள இலண்டனில் அடுத்தடுத்த மூன்று தளங்களை ஒரே கிடங்குக்குக் கட்டுப்படுத்துவது, மூன்று வெவ்வேறு காலங்களில் வழங்கப்படும் மூன்று அனுமதிகளின் நிபந்தனைகளை ஒத்திசைப்பதாகும். நடைமுறையில் அது அரிதாகவே கைகூடும்.

மூன்று அதிகாரங்களும் ஒரு கையில்

இலண்டனிலும் ஒருமுறை அச்சிதறல் நீங்கியது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஒலிம்பிக் கட்டமைப்பு ஆணையம் கட்டுமானத்தைச் செய்விப்பவராகவும், அப்பகுதிக்குத் திட்ட அனுமதி வழங்கும் அதிகாரியாகவும் ஒருசேர விளங்கியது. நிலமும் பொது அமைப்பின் வழியே முன்கூட்டிக் கையகப்படுத்தப்பட்டிருந்தது. லாரிகள் முன்பதிவின்றிப் பூங்காவுக்குள் நுழைய இயலவில்லை. எடையின்படி கட்டுமானப் பொருளில் பாதியை இருப்புப்பாதையிலும் நீர்வழியிலும் கொண்டுவருவது என்ற இலக்கு வகுக்கப்பட்டு, அது கடக்கவும் பட்டது.

ஆனால் இவ்வெற்றியில் ஒரு முரண் உண்டு. பூங்காவைச் சுற்றியோடும் பழைய வாய்க்கால்களில் 350 டன் சரக்குப் படகுகள் வரும்வகையில் மூன்று ஆலைப் பகுதியில் 2 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட செலவில் மதகறை ஒன்று கட்டப்பட்டு 2009இல் திறக்கப்பட்டது. படகுகள் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. ஜல்லியும் மணலும் அதற்கு முன்பே இருப்புப்பாதை வழியே வரத் தொடங்கிவிட்டன. பெருமளவு மண்வேலையும் நடந்தேறிவிட்டது. இலக்கு நிறைவேறியதற்குத் தொடர்வண்டியே பெருங்காரணம். தளவாடக் கட்டமைப்பு கட்டடத்துக்கு முன்னர் வரவேண்டும். பின்னர் வந்தால் அது நினைவுச்சின்னமாகிவிடுகிறது.

துறைகளைக் காத்தல்

முன்னரே வரும் கட்டமைப்பு என்பதற்குத் தேம்சு ஆற்றங்கரையில் சிறந்த சான்று உள்ளது. ஆற்றோர நிலம் குடியிருப்புக்கு விற்றால் பெரும்விலை பெறும்; ஜல்லி இறக்கும் துறையாக இருந்தால் அவ்விலை கிட்டாது. சந்தையின் போக்குக்கு விட்டால் ஒரு துறையும் எஞ்சாது. எனவே 1997 முதல் நடுவண் அரசின் அமைச்சர் குறிப்பிட்ட சில துறைகளைப் ‘பாதுகாக்கப்பட்ட துறைகள்’ என அறிவித்து, அவற்றில் வேறு கட்டடம் எழுப்புவதற்கான விண்ணப்பம் மாநகர மேயரின் பார்வைக்குச் சென்றாகவேண்டும் என ஆணையிட்டார். 2021இல் புதுப்பிக்கப்பட்ட பட்டியலில் 50 துறைகள் உள்ளன. கட்டுமானத் தளவாடத்தில் பொது அதிகாரம் ஆற்றிய பணிகளுள் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், என் மதிப்பீட்டில் மிகுந்த பயன் தந்ததும் இதுவே. ஒரு லாரியையும் நிறுத்தாமல், ஒருவருக்கும் அபராதம் விதிக்காமல், ஆற்றை ஒரு வழியாக அது உயிரோடு வைத்திருந்தது.

அதன் பயன் பின்னர் வெளிப்பட்டது. கிராஸ்ரெயில் சுரங்கங்களிலிருந்து தோண்டிய மண்ணில் 30 இலட்சம் டன்னுக்கு மேல் கப்பல்களில் எசெக்சு கடலோரத்தின் வாலசீ தீவுக்குச் சென்று, பறவைகளுக்கான சதுப்புநிலமாக உருமாறியது. 25 கிலோமீட்டர் நீளமுள்ள தேம்சு கழிவுநீர்ப் பெருஞ்சுரங்கத்துக்கு 2014இல் வழங்கப்பட்ட ஆணையிலேயே ஆற்றுவழிப் போக்குவரத்து ஒரு கடப்பாடாக இணைக்கப்பட்டது. ஆகவே அச்சுரங்கத்தின் மண்ணில் பெரும்பகுதி மாநகரத் தெருக்களைத் தொடாமலே வெளியேறியது. துறையும் இருந்தது, அனுமதி வேளையில் கேட்கும் அதிகாரமும் இருந்தது; இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அம்மண் லாரியில்தான் சென்றிருக்கும்.

பாதுகாப்பு அறிவிப்பு மட்டும் ஒரு துறையை இயக்கிவிடாது என்பதையும் கூறவேண்டும். சில்வர்டவுன் பகுதியின் பெருவியன் துறை நெடுங்காலம் வெறுமையாகக் கிடந்தது. நிலத்தை வைத்திருந்தோருக்கு அங்குக் குடியிருப்பு எழுப்புவதில் நாட்டம். அறிவிப்போ அதைத் தடுத்தது. இரு தரப்பும் மற்றவர் சலிப்பதற்காகக் காத்திருந்தனர் எனலாம். 2016இல் இலண்டன் துறைமுக ஆணையம் அந்நிலத்தைத் தன்வயப்படுத்திய பின்னரே அங்கு மீண்டும் கட்டுமானப் பொருள் இறங்கத் தொடங்கியது. தடுக்கும் அதிகாரத்தோடு வாங்கும் அதிகாரமும் சேரவேண்டியிருந்தது.

இப்போது துறைகளைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள் நெருங்கி வருகின்றன. விடியலில் ஓதம் ஏறும்போது ஜல்லிக் கப்பல் வந்து இறக்கும் இரைச்சலைப் பற்றிப் புதிதாகக் குடியேறுவோர் முறையிடுவது இயல்பு. அம்முறையீடுகள் குவிந்தால் அறிவிப்பு இருந்தும் துறையின் வேலைநேரம் சுருங்கும். ஆகவே இலண்டன் பெருந்திட்டம் ‘மாற்றத்தைக் கொணர்பவர்’ என்னும் கொள்கையை இத்துறைகளுக்கும் பொருத்தியுள்ளது. முன்பே இயங்கும் துறையின் அருகே வீடு கட்டுபவர், அவ்விரைச்சல் வீட்டுக்குள் புகாதவாறு தடுக்கும் செலவைத் தாமே ஏற்கவேண்டும். சாளரங்களின் கனத்தையும் படுக்கையறைகள் எப்பக்கம் நோக்கவேண்டும் என்பதையும் திட்ட அலுவலர்கள் அவ்விண்ணப்பங்களில் இப்போது கேட்டு எழுதுகின்றனர்.